பை மலைக்குப் போயிருக்கு

"ஏன் புள்ள, நீ பையத் தூக்கிட்டுப் போகப் போறியா, இல்ல பை ஒன்னத் தூக்கிட்டுப் போகப் போகுதா?"

புதிதாக வாங்கிய முதுகுப் பையை மாட்டிக்கொண்டு நான் லயத்து வாசலில் நின்றபோது சுப்பையா மாமா கேட்ட கேள்வி இது. மாமா அம்மாவின் தம்பி. லயத்து வீட்டு வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறார். (அதனால் எங்கள் வீட்டுச் செய்தி எதையும் அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சுவரே சொல்லிவிடும்.) பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது அப்போது என் கொள்கை. தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். நான் நுழைந்தேன், பை நுழையவில்லை. நிலைக்கட்டையில் பை சிக்கிக்கொள்ள, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் கொஞ்ச நேரம் தொங்கினேன். மாமா எழுந்து வந்து, ஒரு மாட்டைத் தொழுவத்துக்குள் தள்ளுவது போல என்னைத் தள்ளிவிட்டார்.

அந்தப் பையை நான் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னால், மாமா கேட்டது நியாயம்தான் என்று நீங்களும் சொல்வீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. பெருமழை பெய்தால் அந்த மண் இறங்கி வரலாம் என்று சொல்லி, கிராம சேவகர் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார். வீட்டுக்கு வீடு ஓர் அவசரப் பை தயாராக இருக்க வேண்டும். பத்திரங்கள், மாற்றுத் துணி, மருந்து, டோர்ச், பிஸ்கட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அறிவித்தல் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அன்று மாலையே லயத்தில் எல்லாரும் கோதுமை மா பேக்கைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார்கள். அதில் சாமான்களைப் போட்டு, வாயைக் கட்டி, கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் முடியவில்லை. எங்கள் வீட்டில்தான் நான் இருந்தேனே.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மாணிக்கம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். இருவருக்கும் கையெழுத்து மட்டும் வரும். ஆகவே வீட்டில் எதை வாங்கினாலும் 'படிச்ச புள்ள பாத்துச் சொல்லட்டும்' என்பார்கள். நானும் பார்த்துச் சொல்வேன். சவர்க்காரம் வாங்குவதற்குக்கூட அரை மணி நேரம் விரிவுரை நடத்துவேன். மண்சரிவு வந்தால் மாணிக்கம் வீட்டுப் பெண் மா பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? கூடவே, பல்கலைக்கழகத்தில் மலையேறும் நண்பர்கள் சிலர் ஹந்தானை மலையில் ஓர் இரவு கூடாரம் போடத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கும் பெரிய பை வேண்டும். ஒரே பை, இரண்டு வேலை. இதை முதலில் யோசித்த அந்த நிமிடத்தில் என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

விடுதியில் படுத்துக்கொண்டு போனில் நிறையப் படித்தேன். முதுகுப் பையை லீட்டர் கணக்கில் அளக்க வேண்டும், பாரம் தோளில் அல்ல இடுப்புப் பட்டியில் இறங்க வேண்டும், கீழே தனி அறை இருந்தால் சிறப்பு, வாங்கும் முன் நிரப்பி மாட்டிப் பார்க்க வேண்டும். வார இறுதியில் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் விளக்கினேன்.

"எம்பது லீட்டர் பை வாங்கப் போறேன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எம்பது லீட்டரா? அதுல என்னாத்த ஊத்துறது?"

"ஊத்துறது இல்லப்பா. அது கொள்ளளவு."

"மண்ணெண்ண கேன் வாங்கிட்டு வந்துறாத புள்ள" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

கண்டி நகரில் நான் நுழைந்த முதல் கடையில் பைகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. ஒன்றின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு அதே மரியாதையோடு பழையபடி திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் மலிவாக இருந்தவை எல்லாம் பூனையும் இளவரசியும் படம் போட்ட பள்ளிக்கூடப் பைகள். கடைசியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒடுங்கிய படிகளில் ஏறிப் போகும் ஒரு மாடிக் கடையைக் கண்டுபிடித்தேன். தலையணை, மெத்தை விரிப்பு, குடை, பை எல்லாம் கலந்து விற்கும் கடை. மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன் கல்லாவில் இருந்தார். நானா என்று கூப்பிடுவது வழக்கம்.

"வாங்க மகள். என்ன தேவ?"

"பெரிய பேக் ஒண்ணு வேணும் நானா. வெல கொறைவா."

"பெருசும் வேணும், வெலயும் கொறயணும்." நானா மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார். "ஒங்களுக்குண்டே ஒண்டு ஈக்கி."

எனக்கென்றே இருந்த அந்த ஒன்றை இறக்கினார். கிளிப் பச்சை நிறம். ஓரமெல்லாம் செம்மஞ்சள் பட்டி. நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சு உயரம் வந்தது. இடுப்புப் பட்டி இருந்தது. கீழே தனி ஸிப் போட்ட அறையும் இருந்தது. அதன் நிறத்தைப் பார்த்து ஒரு வருடமாக யாரும் தொடவில்லை என்பதும், அதனால்தான் விலை குறைவு என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

"இத நெரப்பிப் போட்டுப் பாக்கணும் நானா" என்றேன், விஷயம் தெரிந்தவள் போல.

"அதுக்கென்ன மகள்." நானா சுற்றிலும் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் இருந்தவை தலையணைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திணித்தார். பை ஊதிப் பருத்தது. நான் மாட்டிக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்தேன். அடடா! இவ்வளவு பெரிய பை, தோளில் ஒரு பாரமும் தெரியவில்லை! இடுப்புப் பட்டியின் மகிமை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (நிரப்பிப் பார்த்து வாங்கு என்றுதான் படித்திருந்தேன். எதனால் நிரப்புவது என்று அதில் எழுதியிருக்கவில்லை.)

"எவ்வளவு பாரம் தாங்கும் நானா?"

"நீங்க தாங்குற மட்டும் அதும் தாங்கும் மகள்."

நானா முழுப் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து, நிலைக்கட்டையிலிருந்து விடுபட்டதும், குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்தேன். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எங்கள் வீட்டில் தங்கம் கிடையாது, அந்த டின்தான் உண்டு. நாட்டில் நாங்களும் இருக்கிறோம் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லாதவர்கள் அந்த டின்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று மலைநாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதை முதலில் பைக்குள் வைத்தேன். பிறகு துணி, மருந்து, டோர்ச்.

அம்மா ஒரு முருகன் படத்தைக் கொண்டு வந்தார், கண்ணாடிச் சட்டத்தோடு. அடுத்துக் கல்யாணச் சேலை. அடுத்துக் குங்குமச் சிமிழ். அதற்கடுத்துத் தேங்காய் துருவி.

"துருவி எதுக்கும்மா?"

"ஸ்கூல்ல சோறு குடுப்பாங்க. சம்பலுக்கு என்னா பண்றது?"

துருவியும் உள்ளே போனது. பிறகு எழுந்து நின்று சட்டம் போட்டேன். "இந்தப் பைக்குள்ள இருக்கிறத யாரும் வெளிய எடுக்கக் கூடாது. எது வெளிய கெடந்தாலும், கண்டவங்க ஒடனே உள்ள வைக்கணும். சரியா?"

"சரி" என்றார்கள். எங்கள் வீட்டில் என் சட்டங்களுக்கு எப்போதும் மரியாதை உண்டு. நான் அழிந்தது அதனால்தான்.

கூடாரப் பயணத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை மாலை, விடுதியிலிருந்து வந்து பையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் அடுக்கினேன். அம்மா லயத்துப் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். நான் மாமா வீட்டுக்குப் போய் அவருடைய பழைய மழை அங்கியை இரவல் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா திரும்பி வந்திருக்கிறார். மேசையில் டின்னும் மற்றதும். சட்டத்தை நினைத்தார். எது வெளியே கிடந்தாலும் உடனே உள்ளே வைக்க வேண்டும். வைத்தார். அதுவும் ஒழுங்காக, அந்தக் கீழ் அறையில், ஸிப்பை இழுத்து மூடி.

நான் திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. அம்மா மா பேக்கில் கட்டி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, மேல் அறையில் என் சாமான்களை அடைத்தேன்.

காலையில் பையைத் தூக்கியபோது முதுகெலும்பு ஒரு சத்தம் போட்டது. தலையணைக்கும் கூடாரத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டேன். நடக்கும்போது உள்ளே ஏதோ 'கிளாங் கிளாங்' என்றது. தேநீர்க் கோப்பை என்று நினைத்தேன்.

பேராதனைப் பக்கமிருந்து ஹந்தானைக்கு ஏறினோம். தரையைப் பார்த்தபடி கடைசி ஆளாக நான். பாதி வழியில் ஒரு பாறையில் காலை வைத்து எம்பினேன். நான் முன்னே போக நினைத்தேன், பை பின்னே போக நினைத்தது. பை வென்றது. மல்லாந்து விழுந்தேன். இடுப்புப் பட்டி இறுக்கமாக இருந்ததால் கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கைகால்களை ஆட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

விடுதியில் என் அறைத்தோழி தர்ஷினி, யாழ்ப்பாணத்துப் பெண், ஓடி வந்தாள்.

"எழும்படி!"

"முடியல."

"கல்லோ கட்டிக் கொண்டு வந்தனீ? என்னடி இந்தப் பாரம்!"

முகாமிடத்தில் கூடாரத்தின் ஆணிகளைத் தேடிக் கீழ் அறையின் ஸிப்பைத் திறந்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதலில் தேங்காய் துருவி வந்தது. அடுத்துக் கல்யாணச் சேலை. அதற்குப் பின்னால் வேலும் மயிலுமாக முருகன். கடைசியில் பிஸ்கட் டின். தர்ஷினிதான் முதலில் வாய் திறந்தாள்.

"சுகந்தி, நீ மலையேற வந்தனியோ, இல்லாட்டிக் குடிபூரலுக்கு வந்தனியோ?"

யாழ்ப்பாணத்தில் குடிபூரல் என்றால் புதுவீடு புகுவது. சிரித்து ஓய்ந்த பிறகு, முருகனைத் தரையில் வைக்கக் கூடாது என்று ஒருவர் சொல்ல, டின்னின் மேல் நிறுத்தினோம். அந்த இரவு முழுவதும் பெய்த மழையில், மூன்று கூடாரங்களில் ஒழுகாதது எங்களுடையதுதான். தர்ஷினி அதற்கு இன்றைக்கும் என் கூடாரக் கட்டுமானத்தைக் காரணமாகச் சொல்வதில்லை.

ஞாயிறு காலை போன் அடித்தது. தங்கச்சி மாலா.

"அக்கா, சரிவுல மண்ணு அசையுதாம். எல்லாரையும் ஸ்கூலுக்கு வரச் சொல்லிட்டாங்க. நாங்க வந்துட்டோம். ஒண்ணும் பயமில்ல."

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம். அக்கா, என் ஐடி எங்க?"

"டின்லதான்."

"டின் எங்க?"

நான் டின்னைப் பார்த்தேன். டின்னின் மேலிருந்து முருகன் என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை மாலாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை. அடையாள அட்டையைக் காட்டாமல் மண்டபத்துக்குள் போக முடியாது. எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் படிக்கும் இரண்டாவது ஆள் அவள். நான் திறந்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்ட கதவுக்குத் தாழ்ப்பாளாக, ஹந்தானை உச்சியில் அவளுடைய அட்டையோடு உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

"நான் வர்றேன்" என்றேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது. தர்ஷினி என் கூடாரத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "ஓடு. பிறகு நான் கொண்டு வாறன்" என்றாள். டின்னைத் துணிகளுக்கு நடுவே வைத்துச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். முருகனின் கண்ணாடி உடைந்துவிடும் என்று அவரைக் கையில் பிடித்துக்கொண்டேன். சிமிழைப் பக்கப் பையில் செருகினேன். மூடி சரியாக இறுகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

மழையில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். வழியில் ஒரு தோள் பட்டி அறுந்தது. (நான் தாங்கினேன், அது தாங்கவில்லை. நானாவின் வாக்கு பாதிதான் பலித்தது.) கலஹா பஸ்ஸில் ஏறியபோது கொண்டக்டர் பையைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நங்கி, மே மொகக்த?" என்றார். சிங்களத்தில், தங்கச்சி, இது என்ன என்று அர்த்தம். டிக்கட் எடுத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, மாலாவின் பரீட்சையைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு போனேன். தோட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பாதையில் மண் விழுந்திருந்ததால் பஸ் நின்றுவிட்டது. மீதி வழியைக் கொட்டும் மழையில் நடந்தேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை மாலா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிராம சேவகர் ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்து வந்திருக்கிறார். எல்லார் பக்கத்திலும் மா பேக், வாய் கட்டி, அழகாக. எங்கள் குடும்பத்தின் பக்கத்தில் மட்டும் வெறும் தரை.

"ஒங்க வீட்டுப் பை எங்க?"

அப்பா எழுந்து நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னார். "பை மலைக்குப் போயிருக்குங்க."

தோட்டத்தில் 'மலைக்குப் போறது' என்றால் கொழுந்து பறிக்கப் போவது. கிராம சேவகர் குழம்பிப்போனார். "இன்னைக்கு மலையில வேலையே இல்லையே?"

"மனுசனுக்குத்தாங்க வேல இல்ல" என்று பின்னாலிருந்து மாமாவின் குரல். "பைக்குப் பேரு உண்டு." பேரு என்பது ஒரு நாள் சம்பளம். மண்சரிவுப் பயத்தில் காலையிலிருந்து இறுகிக் கிடந்த மண்டபம் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதானாம்.

அந்தச் சிரிப்பு அடங்காத மண்டபத்துக்குள்தான் நான் நுழைந்தேன். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கையில் முருகன். மூச்சு வாங்கியதில் 'ஹூம் ஹூம்' என்று ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. சிமிழிலிருந்து கரைந்த குங்குமம் தோளிலிருந்து பாதம் வரை சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. வாசல் பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டு பேர் தங்களை அறியாமல் கும்பிட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை அழுதது.

சுப்பையா மாமா எழுந்து, பக்தியோடு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"சாமி மலையேறும்னுதான் இவ்வளவு நாளும் கேள்விப்பட்டிருக்கேன். மலையெறங்கி பஸ்ல வந்தத இப்பத்தான் பாக்குறேன்."

கிராம சேவகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. மாலாவுக்கு முன்னால் உட்கார்ந்து டின்னைத் திறந்தேன். மூடியின் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கசிந்திருந்தது. தாத்தாவின் பத்திரம் காய்ந்திருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் காய்ந்திருந்தன. மாலாவின் அட்டையின் ஒரு மூலையில் குங்குமம் பட்டிருந்தது. அவள் அதைத் தாவணியில் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை.

"பரவாயில்லக்கா" என்றாள். "நல்ல சகுனம்." பிறகு அட்டையை மறுபடியும் ஒருமுறை துடைத்தாள். அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் துருவி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அன்றிரவு பள்ளிக்கூடத்தில் சம்பல் இருந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். கிராம சேவகருக்கும் கொடுத்தோம்.

சரிவு வீடுகளைத் தொடவில்லை. மாமாவின் போஞ்சிப் பாத்தியை மட்டும் மூடிவிட்டு நின்றுகொண்டது. மாலா மறுநாள் பரீட்சை மண்டபத்துக்குள் போனாள். மேற்பார்வையாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன செவப்பு?" என்று கேட்டாராம். "மலைக்குப் போயிருந்தது சேர்" என்றாளாம். அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

அந்த வசனம் எங்கள் லயத்தை விட்டுப் போகவே இல்லை. சீப்பைக் காணோமா? மலைக்குப் போயிருக்கு. சம்பளம் பிந்துகிறதா? மலைக்குப் போயிருக்கு. நான் விடுதியிலிருந்து ஒரு வாரம் வராவிட்டால், யாராவது கேட்டால், அப்பா சிரிக்காமல் சொல்வார்: "எங்க பை மலைக்குப் போயிருக்கு."

போன வாரம் மறுபடியும் நானாவின் கடைப் படிகளில் ஏறினேன். இந்த முறை அவசரத்துக்கென்று மட்டும் ஒரு சின்னப் பை, சாம்பல் நிறத்தில். நானாவின் கை தலையணைப் பக்கம் போவதற்குள், நான் கையோடு கொண்டு போயிருந்த தேங்காய்களை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தேன்.

"மகள், நீங்க பேக் வாங்க வந்தீங்களா, தேங்கா விக்க வந்தீங்களா?"

"ரெண்டும் நானா."

அந்தச் சாம்பல் பை இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் மேல் மாலா பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'இது மலைக்குப் போகாது.'

பச்சைப் பையின் பட்டியைத் தையல்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டாயிற்று. நாளை காலை அது நக்கிள்ஸ் மலைக்குப் போகிறது. இந்த முறை கூட்டத்தை வழிநடத்திப் போகிறவள் நான். சற்று முன்புதான் கீழ் அறைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய மூலையில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால், குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா எதுவும் தெரியாதவர் போல அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

பழத்தை இருந்த இடத்திலேயே வைத்து ஸிப்பை மூடிவிட்டேன். பைக்குள் இருப்பதை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. சட்டம் போட்டவளே மீறலாமா?